பக்கத்து சீட் பிரேக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதலாம் என்று நினைத்து உட்கார்ந்து எழுதியதல்ல இது. அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று வாட்ஸ்அப்பில் வெளியூரிலிருக்கும் அண்ணனோடு மல்லுக்கட்டி, பதில் சொல்ல வழியில்லாமல் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே எரிச்சலில் லேப்டாப்பைத் திறந்தேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் கதையாக நீண்டுவிட்டது. இப்போது எரிச்சல்கூட இல்லை, அசதிதான் மிச்சம்.

முதலில் எழுதிய தொடக்கம்:

"ஓய்வுபெற்ற தந்தைக்குப் பரிசு தேர்ந்தெடுப்பது என்பது"

கடை விளம்பரம் மாதிரி இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது:

"அவருக்கு எதுவுமே தேவைப்படவில்லை. அதுதான்"

அதுதான் என்ன? தெரியவில்லை. தவிர அது பச்சைப் பொய். அப்பாவுக்கு ஒன்று தேவைப்பட்டது: அவருடைய கார் சாவி. அது அவரிடம்தான் இருந்தது. பிறந்தநாள் சாக்கில் அதை வாங்கிக்கொள்ளத்தான் நாங்கள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

2

அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் பக்கம் இருப்பது போலவே பக்கத்து சீட்டின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். வேலை பார்த்த காலமெல்லாம் அப்பா உட்கார்ந்தது அந்தப் பக்கத்து சீட்டில்தான். தன் கையால் ஸ்டியரிங் பிடித்து நிம்மதியாக ஓட்ட ஆரம்பித்ததே ரிடையர் ஆன பிறகு. பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி, அதை தினமும் துடைத்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு காய் வாங்கப் போவார். நடந்தே போகக்கூடிய தூரம்.

பயந்தாங்கொள்ளிகள் எல்லோரும் அப்பாவிடம்தான் கற்றுக்கொள்ள வருவார்கள். அவர் கத்த மாட்டார். எதிரே லாரி வந்து, மாணவன் பதறி, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழிக்கும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பார். வண்டி மெதுவாக நிற்கும். "பரவாயில்லையே, கரெக்டா நிறுத்திட்டீங்க" என்பார். மாணவனும் நம்பிவிடுவான். அடுத்த முறை நிஜமாகவே தானே நிறுத்துவான். அப்போதும் அதே வார்த்தைதான், அதே குரல்தான். எது யார் நிறுத்தியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.*

நானும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கிடைத்த அன்று கேட்டேன்: "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. எனக்காக எத்தனை தடவை பிரேக்கை அமுக்கினீங்க?"

"நான் எதுக்கு அமுக்கப் போறேன் பாப்பா?" என்றார்.

* இதைப் பற்றி அம்மாவின் கருத்து: "வாய் கூசாம பொய் சொல்ற மனுஷன்." நான் எழுதும் கதைகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுபவள் அம்மாதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நல்ல கதையானால் பாதியில் குறட்டை வரும், சுமாரான கதையானால் அதற்கு முன்பே. இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

3

(அம்மா, வாசிக்கும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடு.)

ஒரு நாள் மத்தியானம் ஆபீசுக்கு அம்மா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். பாத்ரூமுக்குள்ளிருந்து பேசுகிறாள் என்று எதிரொலியில் தெரிந்தது.

"மார்க்கெட் சிக்னல்ல சிவப்பு விழுந்துருச்சுடி. இவரு பாட்டுக்குப் போறாரு. குறுக்கால பஸ் வந்து, அவன் ஹாரன் அடிச்ச அடியில எனக்கு உயிரே போயிருச்சு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"மஞ்சள்தான் இருந்துச்சாம். நான் சிவப்புன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து முகம் குடுத்துப் பேசலை."

நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீசில், விபத்துப் பிரிவில். மோதியவர்கள் எழுதிக் கொடுப்பதைப் படித்து, யார் எப்போது பிரேக் போட்டார்கள், யார் போடவில்லை என்று முடிவு செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள்: "எங்கிருந்தோ வந்தான்." எங்கிருந்தோ யாரும் வருவதில்லை. ரோட்டிலிருந்துதான் வருகிறார்கள். பார்க்கவில்லை என்பதை எழுத மனசு வராது, அவ்வளவுதான். "மஞ்சள்தான்" என்று அப்பா சொன்னதும் அந்த வகைதான்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரமும் வந்தது. பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு பரவாயில்லை. பார்த்ததுக்கும் கால் போறதுக்கும் நடுவுல கொஞ்சம் லேட் ஆகுது. ஓட்டட்டும், ஆனா தனியா விடாதீங்க" என்றார்.

4

இந்த இடத்தில் அண்ணனை வில்லன் ஆக்கிவைத்திருந்தேன். முதல் வரைவில் அவன் ஏர்போர்ட்டிலேயே கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு

வேண்டாம். அவன் கூலிங் கிளாஸ் போடுகிற ஆளே இல்லை.

அண்ணனின் யோசனை இதுதான். கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளும் பெரிய நாற்காலி ஒன்று. அப்பா போனில் டாக்சி ஆப். கேக் வெட்டி எல்லோரும் கைதட்டும் நேரத்தில் அறிவிப்பு: "அப்பா, இனிமே நீங்க ராஜா மாதிரி பின்சீட்டுல உட்காருங்க, காரை நான் வித்துடறேன்."

"பரிசுன்னு சொல்லிப் பிடுங்குறதுக்கு என்னண்ணா பேரு?"

"சரி, பிடுங்கறேன்னே வெச்சுக்கோ. நாளைக்கு யாரையாவது ஏத்திட்டாருன்னா? அதுக்கப்புறம் அப்பா உயிரோட இருப்பாரா? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். இருக்க மாட்டார். அண்ணன் சொல்வது சரிதான். சரியாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பேருக்கு ரோட்டைக் கொடுத்த மனிதரிடம் போய், நீங்கள் இனி நாற்காலியில் சாய்ந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது?

"நீ வேற வழி சொல்லு. நான் கேட்டுக்கறேன்" என்றான். போனைக் கவிழ்த்துப் போட்டது அப்போதுதான்.

5

கதையில் ஒரு கடைவீதிக் காட்சி வேண்டும் என்று தோன்றியது. சோகத்துக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம். ஆனால் நான் போனபோது அப்படி எந்த வெளிச்சமும் இல்லை, ட்யூப்லைட்தான். ஆபீஸ் முடிந்து கால் கடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கைக்கடிகாரம் பார்த்தேன். நேரம் பார்த்து எங்கே ஓடப் போகிறார்? சட்டை எடுத்தால் பெட்டி பிரிக்காமல் பீரோவுக்குள் போய்விடும். கால் அமுக்கிவிடும் மெஷினை ஒரு பெண் என் காலிலேயே மாட்டிக் காட்டினாள். எழுந்துகொள்ள மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாவுக்கு என்ன மேடம் பிடிக்கும்?"

"கார் ஓட்டப் பிடிக்கும்மா."

"அப்போ கார் பெர்ஃப்யூம் இருக்கு மேடம், ரோஜா, எலுமிச்சை ரெண்டு வாசனையில."

எலுமிச்சை வாங்கிக்கொண்டேன். அவளும் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பவள்தானே.

திரும்பி வரும் வழியில், எனக்கு முன்னால் ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் மண்டையில் உறைத்தது.

மறுநாள் அந்த வண்டிகளுக்குப் பெடல் மாட்டும் மெக்கானிக்கைத் தேடிப் போனேன்.

"மாஸ்டர் காருக்கா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அவருக்கு எதுக்கு ரெண்டாவது பிரேக்? ஓட்டறது யாரு?"

"அவருதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ பக்கத்துல யாரு?"

"நான்."

இதுதான் என் பரிசு. கார் அவருடையது, சாவியும் அவரிடமே இருக்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வண்டி வெளியே வரும், பக்கத்தில் நான் இருப்பேன். எனக்கென்று மிச்சமிருப்பது அந்த ஒரு நாள்தான். வாரம் பூராவும் அடுத்தவர்களுடைய விபத்துகளைப் படித்துவிட்டு அன்றைக்காவது பத்து மணி வரை தூங்கலாம் என்று பார்த்தால், அதுவும் போச்சு.

6

பிறந்தநாளுக்கு முந்தின நாள் சர்வீசுக்கென்று அப்பாவிடம் சாவி வாங்கி, பெடலை மாட்டி, இருட்டிய பிறகு காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். பிறந்தநாள் அன்று காலை கேக் வெட்டியாயிற்று. அண்ணன் நாற்காலியை ஹாலில் போட்டுவிட்டான், டாக்சிப் பேச்சை மட்டும் எனக்காக விழுங்கிக்கொண்டான். அப்பாவைக் கீழே காரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் சொன்னதையும், ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டையும் படிக்கட்டிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட் கதவைத் திறந்து காட்டினேன். அப்பா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது.

முடிவு அ: "என் மேல நம்பிக்கை போயிருச்சா?" என்கிறார். சாவியை என் கையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறுகிறார். அன்றிலிருந்து அந்த நாற்காலியில்

இல்லை. இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: அப்பா சிரித்துக்கொண்டே பழக்கத்தில் பெடல் உள்ள பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். "நீ ஓட்டு பாப்பா, நான் பாத்துக்கறேன்." எல்லோருக்கும் கண் கலங்குகிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "இப்படியே முடிச்சிரு, பிரமாதமா இருக்கும்" என்றான். பிரமாதமாகத்தான் இருக்கும். வாசகருக்கும் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்ட மாதிரி.

நடந்தது இ.

7

அப்பா கையாலேயே பெடலை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"யாரு மாட்டினது?"

சொன்னேன்.

"அவனா? கிளட்ச் விடவே தெரியாது அவனுக்கு." இன்னொரு தடவை அமுக்கினார். "நல்லாத்தான் மாட்டியிருக்கான்."

எழுந்து, காரைச் சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவும் பின்கதவைத் திறந்தாள். "நீ வேணாம். நீ பின்னாலேருந்து கலர் சொல்லுவே" என்றார். அம்மா பட்டென்று கதவைச் சாத்தினாள். ஆனால் அத்தனை நாளுக்கு அப்புறம் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

"ஏறு" என்றார் என்னிடம்.

தெருமுனை தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "காலைப் பெடல் மேலயே வெக்காதே. பக்கத்துல வெச்சுக்கோ. மேல வெச்சா ஓட்டறவனுக்குத் தெரிஞ்சு போயிரும்."

"தெரிஞ்சா என்னப்பா?"

"பயந்துருவான்."

காலை நகர்த்திக்கொண்டேன். எலுமிச்சை வாசனை குமட்டியது. மார்க்கெட் சிக்னல் வந்தது. அதே சிக்னல். பச்சை மஞ்சளானது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் ஒருத்தி நின்றிருந்தாள், தள்ளுவண்டியின் முன்சக்கரம் ரோட்டுக்கு இறங்கிவிட்டிருந்தது. மஞ்சள் சிவப்பானது.

கார் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு குலுக்கல்கூட இல்லாமல்.

அந்தப் பெண் எங்களைப் பார்க்காமலே கடந்து போனாள். அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மருந்துக்கடைப் பலகையைப் படித்தேன். படித்துக்கொண்டே, "கரெக்டா நிறுத்திட்டீங்கப்பா" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் கேட்கும் வரைக்கும்.

8

ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "உண்மையைச் சொல்லு. சிக்னல்ல பிரேக் போட்டது யாரு?"

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். அவர் போட்டிருந்தால், இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். நான் போட்டிருந்தால், என்றைக்காவது சீக்கிரமே நான்தான் அந்தச் சாவியை வாங்க வேண்டியிருக்கும். அண்ணன் இல்லை, நான்.

இதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பேப்பரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் இந்தக் கதையை அம்மா அவருக்கு வாசித்துக் காட்டுவாள். ஒருவேளை இந்தத் தடவை குறட்டை வராமல் கடைசி வரை கேட்டுவிட்டால்? ஆகவே அண்ணனுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்: "நான் எதுக்கு அமுக்கப் போறேன்?"

அந்தச் சிக்னலில் காரை நிறுத்தியது ____________.

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் போய்க் கேட்காதீர்கள்.

இத்தோடு முடித்துவிட்டு லேப்டாப்பை மூடப் போனேன். போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை வரேல்ல?"

"வரேன்பா."

"வரும்போது ஷூ போட்டுக்கிட்டு வா. அன்னைக்கு மாதிரி செருப்போட வராதே. பெடல்ல வழுக்கும்."

வைத்துவிட்டார். இதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். முதல் நாள் வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் அவர் சொல்வது இதுதான். நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

கடைக்குப் போக வேண்டும். என்னிடம் ஷூ இல்லை.