வைகுண்டராஜன் நின்ற இடங்கள்

மார்த்தாண்டத்தில் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் கடை வைத்திருந்த வைகுண்டராஜன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மூன்று இடங்களில் நின்றார். தக்கலைக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே. அன்று நல்ல வெயில். மூன்று இடத்திலும் அவருக்கு வியர்த்தது. இது நடந்து நாலு வருஷம் கழித்து ஷெர்லிதான் இதைக் கண்டுபிடித்தாள். ஆனால் தான் கண்டுபிடித்தது வேறொன்று என்று முதலில் நினைத்திருந்தாள்.

ஷெர்லி நாகர்கோவிலிலிருந்து வரும் ஒரு நாளிதழில் நெடுங்காலமாகக் குற்றச் செய்தி எழுதிவந்தாள். மற்றவர்கள் போலீஸ்காரர் போனில் சொன்னதை எழுதுவார்கள். அவள் எஃப்.ஐ.ஆரை இறக்கிப் படிப்பாள், கோர்ட்டில் நகல் மனு போட்டுச் சாட்சிகளின் வாக்குமூலங்களை வாங்குவாள், ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இதனால் அவளுக்கு மிஞ்சியது தீராத முதுகுவலியும் இரண்டு மானநஷ்ட வழக்குகளும்தான். பிரீனா அவளைத் தேடி வந்தபோது, இன்னொரு அழுகையைக் கேட்கத் தெம்பில்லாமல்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பிரீனாவின் கணவன் ஜெபிஷ் ரப்பர் பால் வெட்டுகிறவன். தனியாக இருந்த ஒரு பழைய டீச்சரைக் கொன்று நகையை எடுத்தான் என்று அவனுக்கு ஆயுள் தண்டனை ஆகியிருந்தது. கத்தியையும் சங்கிலியையும் தோட்டத்துக் குழியிலிருந்து அவனே எடுத்துத் தந்தான் என்று ஒரு தனிப்படை எழுதிய மகஜரில்தான், சாட்சி முன்னால் எழுதப்படும் அந்தப் பறிமுதல் குறிப்பில்தான், வழக்கே நின்றது. “அக்கா, அண்ணு அவியள ஸ்டேஷன்ல அடிச்சுப் போட்டிருந்தாவ. எந்திரிச்சு நிக்கவே முடியல்ல. தோட்டத்துக்கு எப்படி நடந்து போவும்?” என்றாள் பிரீனா. மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தது வைகுண்டராஜன்.

ஷெர்லி அந்தப் பெயரை வைத்துத் தேடினாள். இன்னும் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று பைக் திருட்டு, மற்றது படகு எஞ்சின் திருட்டு. அதே தனிப்படை, அதே செவ்வாய், அதே பத்தரை மணி, அதே சாட்சி. மூன்றும் வெவ்வேறு கோர்ட்டுகளில் நடந்ததால் மூன்றையும் யாரும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கவில்லை. கழுவாத தட்டை நகர்த்திவிட்டு அவள் வைத்துப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. ஒரு மனிதனை உள்ளே தள்ளுகிறவர்களுக்கு நேரத்தை மாற்றி எழுதக்கூடப் பொறுமை இல்லையே என்று அலுப்பாக இருந்தது.

கடைக்குப் போனபோது வைகுண்டராஜன் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றிருந்தார். மூன்று நகல்களையும் காட்டி, இதில் எது பொய் அண்ணாச்சி என்று கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“ஒண்ணும் பொய்யில்ல மக்கா. மூணு இடத்துலயும் நிண்ணேன். மூணு இடத்துலயும் கால் வலிச்சு.”

கடை புறம்போக்கில் இருந்தது. தனிப்படை கேட்கும்போதெல்லாம் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு அவர்கள் அதில் எந்த இடத்தை எழுதுகிறார்களோ அந்த இடத்துக்கு, எந்த நேரத்தை எழுதுகிறார்களோ அந்த நேரத்துக்கு அவர் போய்விடுவார். எழுதுவது சாயங்காலமானாலும் போவது காலையிலேயே நடந்துவிடும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சட்டியின் முன்னால் அவர் இல்லை. அவர் மனைவி பிந்து எட்டிக் கரண்டியைப் பிடித்து, காய் கருகாமல் கிண்டினாள். “சாயங்காலம் எழுதப் போறாவ போல” என்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கணுக்கால்வரை கடல்மணல் ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் ஷெர்லி எடுத்துப் பார்த்த கஞ்சா வழக்கு ஒன்றில் இடம் தேங்காய்ப்பட்டணம் என்றும், நேரம் அவள் கடையில் நின்ற அதே நேரம் என்றும் இருந்தது.

“ரப்பர் தோட்டத்துல நிண்ணியள்லா, ஜெபிஷ் வந்தானா?” என்று அன்றைக்கே கேட்டிருந்தாள்.

“ஆரும் வரல்ல. ஜெபிஷும் வரல்ல, போலீசும் வரல்ல. ஒரு பட்டி வாலச் சுருட்டிப் படுத்துக் கிடந்துது. அவ்வளவுதான்.”

“இத கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?”

“நீரு அங்க நிண்ணீரா, கையெழுத்து உம்மதான்னு கேட்டாவ. ஆமாண்ணேன். கூட ஆரு நிண்ணாவண்ணு வக்கீலும் கேக்கல்ல, ஜட்ஜும் கேக்கல்ல.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “பேடி உண்டும் மக்கா, பயந்துட்டேன். கடை போயிரும்லா.”

நாகர்கோவிலில் செய்தி ஆசிரியர் சத்தியராஜ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு ஆள் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்க முடியாது என்பதற்குக் கையில் ஆவணம் இருக்கிறது, இருந்தார் என்பதற்கு இல்லை. இருப்பதை எழுது என்றார். ஷெர்லிக்கும் அது தெரியும். ஆனால் அப்படி எழுதினால் உண்மையிலேயே அங்கே நின்ற ஒரே மனிதர் கள்ளச்சாட்சி ஆகிவிடுவார். மறுபடியும் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப் போய் அவரிடமே கேட்டாள். பிந்து கரண்டியைத் தட்டில் போட்டாள். “ஊரே காறித் துப்பும். நாங்க இங்கதான இருக்கணும்?” வைகுண்டராஜன் அந்தக் கரண்டியை எடுத்துக் காயைத் திருப்பிவிட்டார்.

“அங்க நிக்கல்லண்ணே எழுது மக்கா. அந்தப் பய வெளிய வரட்டும். எனக்கும் எங்கயாவது ஒரு இடத்துல இருந்தாப் போதும்.”

எழுதினாள். ஊர் துப்பத்தான் செய்தது. கடையை இடித்தார்கள், அவர் வேறொரு சந்தில் வாடகைக்குப் பிடித்தார். பொய்ச்சாட்சி என்று நோட்டீஸ் வந்து, விசாரணைக்கு வராமலேயே கிடந்தது. அவர் பெயரை அதற்குப்பின் யாரும் எழுதாததால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மேல்முறையீடு இரண்டு வருஷம் இழுத்தது. கடைசியில், சாட்சி அந்த மூன்று இடங்களிலும் இருந்திருக்க முடியாது, தன் வீட்டிலோ கடையிலோதான் இருந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதி ஜெபிஷை விடுவித்தார்கள். டீச்சரைக் கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில், அதே செவ்வாய் காலையில் அரைக்கிலோ சிப்ஸ் வைகுண்டராஜன் கையால் வாங்கினேன் என்று மூன்று பேருக்கு நினைவு வந்தது. ஜெபிஷுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஆறு வருஷமும் அவன் தன் வீட்டில் இருந்தான் என்று யாரும் எழுதவில்லையே. அவனுடைய மகள் அவனைக் கண்டதும் பிரீனாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். செய்தி எடுக்கப் போன ஷெர்லி படம் எடுக்காமல் திரும்பினாள்.

வரும் வழியில் வைகுண்டராஜனின் புதுக் கடைக்குப் போனாள். பிந்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அந்தச் செவ்வாய் காலையில்தான் அவர்களுடைய மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்களாம். அப்பன் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லித் தன் நாக்கு வறண்டது என்று பிந்து சொன்னாள். படத்தில் வந்தவர்களின் நடுவே வைகுண்டராஜன் உட்கார்ந்திருந்தார். போன வாரம்வரை அந்த நாற்காலி காலியாக இருந்ததாம். படத்தில் அவர் முகத்தில் மூன்று இடங்களில் நின்ற களைப்பு இருந்தது. ஷெர்லி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அண்ணு எண்ணி வச்ச சோறு ஒரு ஆளுக்குப் பத்தாமப் போச்சு” என்றாள் பிந்து, அடுப்பைத் தணித்தபடி. “இப்பம்லா மனசிலாவுது.”