கால் எடுத்த இடம்

அண்ணன் இறந்து நான்கு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவனுடைய காரைப் போலவே இருந்த இன்னொரு கார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதே மாடல், அதே அடர்பச்சை. இரண்டே இருக்கை. எஞ்சின் முன்னால் இல்லாமல், இருக்கைகளின் முதுகுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வகை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். ஓட்டி வந்தவர் நட்டு.

நட்டு என்பது பட்டப்பெயர். அந்த மெக்கானிக்கின் சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். அண்ணன் கார் வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அண்ணன் இருந்தவரை அவளும் அவரை வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அவன் போனபிறகு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நட்டு வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, கைக்கு வந்தபடி ஏதேதோ மாற்றிவைத்ததால்தான் அது மலைச்சாலை வளைவில் சுழன்று பாறையில் மோதி அண்ணன் இறந்தான் என்று அண்ணி சொன்னாள். பக்கத்து இருக்கையில் இருந்து தோள்பட்டை முறிவோடு பிழைத்தவள் சொன்னால் யார் மறுக்க முடியும்? அவளும் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் அந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லிவைத்தாள்.

"என்ன வேணும்?" என்றாள் மாடியிலிருந்தே.

"ஒண்ணும் வேணாம். இதை ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. அதே இடத்துல."

அவளுக்கு அதுதான் வேலை. டயர் கம்பெனி ஒன்றில் சோதனை ஓட்டுநர். ஈரத் தரையில் கார்களை வேண்டுமென்றே சுழலவிட்டு, எந்த டயர் எப்போது பிடியை விடுகிறது என்று எழுதிக் கொடுப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் 'பம்பரம்' என்பார்கள்.

"ஒரு பல் டாக்டரோட வண்டி. தொழிற்சாலையிலேர்ந்து வந்தது வந்தபடி இருக்கு. நானும் எதையும் தொடல. உங்க அண்ணன் வண்டியும் இப்படித்தான் இருந்துச்சு. தாழ்த்திக் குடுங்கன்னு அவர் கேட்டாரு, நான் மாட்டேன்னுட்டேன். நான் சொன்னா நம்ப மாட்டீங்க. வண்டி சொன்னா நம்புவீங்கல்ல?"

பம்பரம் கீழே வந்தாள். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு போல்ட்டின் மேலும் தொழிற்சாலையில் வைத்த மஞ்சள் பெயின்ட் கோடு நகம் படாமல் இருந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "சாவியக் குடுங்க" என்றாள்.

அந்த மலைச்சாலை சுரங்கப் பாதை திறந்த பிறகு மூடப்பட்டுவிட்டது. டயர் கம்பெனி அவ்வப்போது அதை வாடகைக்கு எடுத்துச் சோதனை செய்வதால் காவலாளிக்கு அவளைத் தெரியும். கேட்டைத் திறந்துவிட்டார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு காக்கைகூட இல்லை.

நேர்ப்பாதையில் முதலில் வேகமும் பிரேக்கும் பார்த்தாள். அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. எஞ்சின் காதுக்குப் பின்னால் உறுமியது. எடை பின்னால் இருப்பதால் மிதித்த மாத்திரத்தில் பின் சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொண்டு தள்ளின. அழுத்தி நிறுத்தினால் மூக்கைக் குத்தாமல் நான்கு காலிலும் சமமாக அமர்ந்து நின்றது. சின்ன வளைவுகளில் இன்னும் அழகு. முன்பக்கம் இறகு மாதிரி லேசு. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே, திருப்ப வேண்டும் என்று நினைத்தபோதே திரும்பியது போலிருந்தது. தரையில் கிடந்த பொடிக்கல்லைக்கூட உள்ளங்கைக்குச் சொன்னது. அண்ணன் இதன்மேல் ஏன் அப்படி உயிராக இருந்தான் என்பது முதல்முறையாக அவளுக்குப் புரிந்தது.

இந்த வகை வண்டிக்கு ஒரு குணம் உண்டு. கனமெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால் சட்டென்று திரும்பும். அதே காரணத்தால், பிடி விட்டுப்போனால் சட்டென்று சுழலவும் செய்யும். வேகமான வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் சக்கரங்கள் லேசாகும், வால் வெளியே பறக்கும். அதனால் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் காலை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். அண்ணனுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அந்த வளைவின் ஓரத்தில் ஆறு வெள்ளைக் கற்கள். முதலில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போனாள். தண்டவாளத்தில் போவது போலப் போனது. நட்டு வளைவுக்கு வெளியே மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எண்பத்தைந்து. தரையில் பதிந்த டயர்த் தடங்களை வைத்து போலீஸ் அன்று கணக்கிட்ட வேகம் அது. முதல் கல், இரண்டாவது கல், மூன்றாவது. வண்டி உறுதியாக இருந்தது. நான்காவது கல்லருகே திடீரென்று எஞ்சின் சத்தம் அறுந்தது. வால் விசிறியடித்தது. கைகள் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் திருப்பின. வண்டி முக்கால் வட்டம் சுற்றி, பாறைக்கு இரண்டு அடி தள்ளி நின்றது.

நட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏன் காலை எடுத்தீங்க?"

"எடுக்கலையே."

"சத்தம் நின்னுது. மேட்டுலேர்ந்தே கேட்டுச்சு!"

சோதனைக்காக வண்டியில் பொருத்தியிருந்த பதிவுக் கருவியைப் பார்த்தாள். நான்காவது கல்வரை ஆக்ஸிலரேட்டர் அறுபது சதவீதம். அதற்கப்புறம் பூஜ்யம். கால்தான் எடுத்திருந்தது. அவள் எடுக்கவில்லை.

பதற்றமாக இருக்கும், அண்ணன் நினைப்பு, என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி போனாள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை அழுத்தி வைத்தாள். நான்காவது கல். சத்தம் அறுந்தது. வண்டி சுழன்று நின்றபோது குனிந்து பார்த்தாள். அவளுடைய பாதம் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் இருந்தது, யாரோ தூக்கிப் பிடித்திருப்பது போல.

"போதும். இறங்குங்க" என்றார் நட்டு. முகம் வெளிறியிருந்தது. "எதையும் மாத்தாத வண்டியே காலை எடுத்தா சுத்துதுன்னு பாத்தாச்சு. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது."

மூன்றாவது முறை போனபோது கவனத்தையெல்லாம் தன் உடம்பில் வைத்தாள். மூன்றாவது கல்லைத் தாண்டும்போது பக்கத்து இருக்கையில் யாரோ மூச்சை உள்ளிழுக்கும் சத்தம். அடுத்த கணம் அவள் முட்டியின்மேல் ஒரு கை விழுந்தது. சில்லென்ற, வியர்த்த கை. பயந்தவர்களின் கை. ஐந்து விரலும் இறுக்கின. பெண்ணின் கை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கால் தானாக எழுந்தது.

இறங்கியபோது நட்டுவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. வீடு திரும்பி, காரை அவரிடமே கொடுத்துவிட்டுத் தன் வண்டியில் நேராக அண்ணியின் கடைக்குப் போனாள்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் கண் பரிசோதிப்பவள். உள்ளறையைப் பட்டப்பகலிலும் இருட்டாக வைத்திருப்பாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். "என்ன, கண்ணு மங்குதா?" என்று சிரித்தபடி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அண்ணி, அன்னிக்கு அந்த வளைவுல அவன் முட்டியைப் பிடிச்சீங்களா?"

சிரிப்பு நின்றது. அண்ணி கையிலிருந்த லென்ஸை மெதுவாகப் பெட்டியில் வைத்தாள். அது தன் குழியில் பொருந்தாமல் கடகடவென்று ஆடியது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அண்ணி எழுத்துப் பலகையின் பக்கம் திரும்பினாள். பிறகு அந்தப் பலகையிடம் சொல்வது போலச் சொன்னாள். "கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்! இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவாரு. அன்னிக்கு மெதுவான்னு கத்தி முட்டியைப் பிடிச்சேன். அன்னிக்கு ஒரு நாள்தான் சொன்ன உடனே கேட்டாரு, காலை எடுத்துட்டாரு."

"அப்ப நட்டு மேல ஏன் சொன்னீங்க?" என்றாள் பம்பரம்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப, மெக்கானிக் ஸ்பிரிங்கை வெட்டி ஏதாவது மாத்தி வச்சிருப்பானோன்னு யாரோ பேசிக்கிட்டாங்க. நான் ஆமான்னேன். ஒரே ஒரு ஆமாதான். அப்புறம் அதை எங்க போய்த் திருப்பி வாங்குறது?" அண்ணி தன் கையை மடியில் விரித்துப் பார்த்தாள். "நாலு வருஷமா இந்தக் கை சில்லுன்னே இருக்கு. ரத்த ஓட்டம் சரியில்லன்னு மாத்திரை குடுத்திருக்காங்க."

"அது அங்கயே இருக்கு அண்ணி" என்றாள் பம்பரம். "இன்னிக்கு என் முட்டியைப் பிடிச்சுது."

பயப்படுவாள் என்று நினைத்தாள். அண்ணி பயப்படவில்லை. எழுந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். "என்னை அங்க கூட்டிட்டுப் போ."

மறுநாள் மூவரும் அந்தச் சாலையில் நின்றார்கள். நட்டுவும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணி அந்தப் பச்சைக் காரின் பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

எண்பத்தைந்து. முதல் கல், இரண்டாவது. மூன்றாவது கல்லில் அண்ணி மூச்சை உள்ளிழுத்தாள். நேற்றுக் கேட்ட அதே சத்தம். ஓரக்கண்ணில் அவளுடைய கை எழுவது தெரிந்தது. பாதி தூரம் வந்து அந்தரத்தில் நின்றது. அண்ணி மற்றக் கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, அடம்பிடிக்கும் குழந்தையை இழுப்பது போலத் தன் மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். நான்காவது கல் பின்னால் போனது. பம்பரத்தின் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து, ஆறு. வண்டி கொஞ்சமும் அலுங்காமல் வளைவைவிட்டு வெளியே வந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான்."

"நான் சும்மா இருந்திருந்தா... அவ்வளவுதானா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பம்பரம் வண்டிகளைப் பற்றிப் பொய் சொல்லிப் பழகாதவள். "ஆமா அண்ணி" என்றாள்.

அண்ணி இறங்கி நேராக நட்டுவிடம் போனாள். நடந்ததைச் சுருக்காமல் நீட்டாமல் சொன்னாள். அவர் மேட்டில் உட்கார்ந்தபடி முழுவதும் கேட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு இப்ப சொன்னா அது வாய் வார்த்தைம்மா" என்றார் கடைசியில். "நாலு வருஷத்துல வேலையாளுங்க ரெண்டு பேரை அனுப்பிட்டேன். என் பொண்ணு என்கிட்டயே வந்து, நிஜமாவாப்பான்னு கேட்டா. என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னிக்கு உங்ககிட்ட அதைக் கேட்டவங்ககிட்ட எல்லாம் சொல்லுங்க."

"நானும் சொல்றேன் அண்ணே" என்றாள் பம்பரம். "நானும் நாலு பேருகிட்ட சொன்னவதான்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மதியமே அண்ணி தன் வீட்டுக் கூடத்தில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பம்பரம் பக்கத்தில் இருந்தாள். முதலில் தன் தம்பியை அழைத்துச் சொன்னாள். அவன் இவளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று திட்டினான். அடுத்து அண்ணனின் நண்பன். அவன் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டான். மூன்றாவதாகத் தன் மாமியாரை அழைத்தாள். பம்பரத்தின் அம்மா. மகன் போனபிறகு ஊரைவிட்டு ஒதுங்கித் தன் தங்கையோடு இருக்கிறவள்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். கத்தியது, முட்டியைப் பிடித்தது, மெக்கானிக் மேல் பழி போட்டது. மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பம்பரம் குனிந்து போனருகே காதை வைத்தாள். அம்மாவின் மூச்சு கேட்டது.

"நீ சொன்ன உடனே காலை எடுத்தானா?" என்று அம்மா கேட்டாள்.

"எடுத்தாரு அத்தை."

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலயா?"

"இல்ல அத்தை. பேசல."

"சின்ன வயசுலேர்ந்து ஒருத்தர் பேச்சையும் கேட்டதில்லையேடி அவன்" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவள் அழத் தொடங்கினாள். அண்ணி வைக்கவில்லை. அந்த அழுகை ஓயும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.