மூச்சுக்கு ஒரு வழி

"விரலை எடுத்துறாதம்மா, அழுத்திக்கிட்டே இரு" என்றார் டாக்டர்.

அன்னக்கிளியின் இரண்டு விரல்கள் கணவனின் நாக்கடியில் துணிச்சுருளை அழுத்திப் பிடித்திருந்தன. இன்னொரு கை தாடைக்குக் கீழிருந்து முட்டுக் கொடுத்தது. கோவிந்தராசு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது.

காலையில் பெரிய மார்க்கெட் பக்கம் ஒருவனிடம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனவன். குறடு வழுக்கி நாக்கடியைக் கிழித்துவிட்டது. மில்லுக்கு நேரமாகிறதென்று ரத்தத்தை விழுங்கிக்கொண்டே தறியில் போய் நின்றிருக்கிறான். அங்கே மூச்சு முட்டிச் சாய்ந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள்.

இப்போது துணியில் சிவப்பு குறைந்திருந்தது.

"நின்னுடுச்சுங்களா?" என்றாள்.

"வெளியிலதான் நின்னுருக்கு. உள்ளுக்குள்ள எறங்குது. வீங்கி நாக்கை மேல தூக்குது பாரு, மூச்சு அடைச்சிடும். கழுத்துல சின்னதா ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிடணும். அப்புறம் ரத்தத்தை நிறுத்தலாம்."

அவள் வாயெடுப்பதற்குள் மூத்தார் தெய்வசிகாமணி குறுக்கே வந்து நின்றார். தகப்பனில்லாத தம்பியைத் தோளில் சுமந்து ஆளாக்கியவர்.

"பல்லு புடுங்கப் போனவனுக்குக் கழுத்த அறுப்பீங்களா? வேணாங்கய்யா."

"மாமா, அவரு மூச்சு விடுறதப் பாருங்க மாமா."

"நீ சும்மா இரும்மா."

அவள் சும்மா இருந்துவிட்டாள். கோவிந்தராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பேச நாக்கு அசையவில்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம் கிளம்பியது. உதடு நீலம் பாரித்தது. அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்த அவன் பிடி நழுவியபோதுதான் தெய்வசிகாமணி அலறினார்.

"போடுங்க! போட்டுடுங்கய்யா!"

டாக்டர் போட்டார். குழாய் வழியே இரண்டு மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை.

மறுநாள் காலை, உப்பளத்தில் அவர்கள் வீட்டு வாசலில், கடைசியாகக் குளிப்பாட்ட அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். தெய்வசிகாமணியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்னக்கிளியும் கேட்கவில்லை. சீயக்காய் தேய்த்தாயிற்று. பங்காளி ஒருவர் குடத்தைத் தூக்கினார்.

"இருங்க" என்றார் தெய்வசிகாமணி.

தம்பியின் கழுத்திலிருந்த துளையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"இப்ப ஊத்துங்க."

தண்ணீர் அவர் விரல்களின் மேல் வழிந்து இறங்கியது. குடம் காலியான பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அன்னக்கிளி அடுத்த குடத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.