ஹேங்கரில் ஒரு ரப்பர் பேண்டு

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நல்ல மனிதர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் பிடித்தது வினை. ஃபோனில் வீட்டுக் குறிப்பு வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். பார்ப்பதோடு விட்டிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்.

அலுமினியத் தாளை மடித்து வெட்டினால் கத்தரிக்கோல் கூராகும் என்று வெட்டினார். கத்தரிக்கோல் கூராகவில்லை, தாள் தீர்ந்துபோனது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று என் கைப்பையில் தேய்த்தார். அது ஒரு தடவை ஓடியது, அப்புறம் திரும்பி வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டது. டிவியில் இருந்த சின்னக் கீறலைப் பற்பசை போட்டுத் துடைத்தார். அன்றிலிருந்து செய்தி வாசிக்கிறவர்கள் பனிமூட்டத்தில் நின்றுதான் வாசிக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் அவருக்கு டிப்ஸ் மாமா என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். மனிதர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

டிவி கெட்டதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அதற்கு முன்பே எனக்கு முகங்கள் தெரியாமல் போய்விட்டன.

நேராக எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன், கண்ணைக் கழுவிப் பார்த்தேன். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனேன். "இது நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போற வகைம்மா," என்றார். மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆபரேஷன் பண்ணலாமா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றார். நல்ல டாக்டர், சுற்றி வளைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். இறங்குவதற்கு முன் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அடுத்த நிமிஷம் வெள்ளரிக்காயோடு வந்து நிற்பார். மாலைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கிருந்து கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு இருந்த பயமெல்லாம் கடையைப் பற்றித்தான். நான் ஒரு சலவைக்கடையில் கறை எடுக்கிறவள். கடையின் பின்பக்கம் ஜன்னலுக்குக் கீழே தகரம் பதித்த மேசை ஒன்று உண்டு, அதுதான் என் இடம். வேறு யாரும் அதில் ஒரு டம்ளரைக்கூட வைக்க மாட்டார்கள். எண்ணெய் என்றால் சாக்கட்டித் தூள், மை என்றால் ஸ்பிரிட், துரு என்றால் எலுமிச்சையும் உப்பும். என் வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மேசை இருக்கிற வரைக்கும் நான் குருடியில்லை என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் நானும் சில தந்திரங்களைச் செய்துகொண்டேன். இவருடையதைப் போல வீடியோ பார்த்து வந்ததல்ல, எல்லாம் பயத்தில் வந்தது. வீட்டில் உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு. கறுப்புச் சட்டையின் காலருக்குள் ஒரு ஊக்கு, நீலத்துக்கு ஊக்கு இல்லை. அடுப்புத் திருகில் 'சிம்' வருகிற இடத்தில் நகப்பூச்சை ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டால் விரலுக்குத் தட்டும். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொள்வேன்.

கடையில் அவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. எண்ணெய் விரலில் வழுக்கும், சர்க்கரைக் கறை மொரமொரவென்று நிற்கும். புட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் புட்டிகள். ஒட்டியிருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மூக்கு சொல்லிவிடும். வினிகருக்கு ஒரு நெடி, ஸ்பிரிட்டுக்கு ஒரு நெடி, அம்மோனியா கண்ணையே கரிக்கவைக்கும். இரண்டே இரண்டுக்குத்தான் வாசம் கிடையாது. ஒன்று உப்புத் தண்ணீர், இரத்தம் எந்தத் துணியில் பட்டாலும் அதைத்தான் போடுவேன். இன்னொன்று பெராக்சைடு, அதை வெள்ளைத் துணிக்கு மட்டும்தான் போடலாம். சாயத் துணியில் பட்டால் நிறத்தையே உரித்துவிடும். பெராக்சைடு புட்டியின் கழுத்தில் ஒரு தடித்த ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தேன்.

முகங்களுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஓரத்தில் பார்வை மிச்சமிருந்ததால், எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைக் கொஞ்சம் திருப்பிச் சுவரைப் பார்க்க வேண்டும். அப்போது காதும் கன்னமும் கொஞ்சம் மீசையும் வந்து சேரும். என் வீட்டுக்காரரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசையாகப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் நன்றாகவே திருப்பிக்கொள்வேன்.

"நீ ஏன் இப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிறே?" என்று ஒருநாள் கேட்டார்.

"உங்க டிப்ஸைப் பார்க்கச் சகிக்கல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வேலையை விட்டு வந்த பிறகு தன் மேல் எனக்கு மதிப்புப் போய்விட்டது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அதற்குப் பிறகுதான் கடைக்குச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை. தினம் மத்தியானம் டிபன் பாக்ஸோடு வந்து நின்று, அங்கே இங்கே கை வைத்து, உயிரை வாங்கிவிட்டுப் போவார்.

ஒருநாள் நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் மேசைப் பக்கம் வந்திருந்தார்.

"துணியெல்லாம் ஹேங்கர்ல நிக்க மாட்டேங்குது, வழுக்கி வழுக்கி விழுது. நான் சரி பண்ணிட்டேன் பாரு," என்றார்.

கடைக்காரப் பெண் முன்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, நல்ல ஐடியாவா இருக்கே," என்றாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அப்பாவிடமிருந்து கடை கைக்கு வந்ததும் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தவள். அவள் பாராட்டியதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி, கெளம்புங்க," என்றேன். எதை வைத்துச் சரி பண்ணினார் என்று கேட்கவில்லை. அவர் சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் ஒரு கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கருநீலம்க்கா. காலர்ல ரத்தம். ஷேவ் பண்றப்ப வெட்டிக்கிட்டாராம். சாயங்காலம் வாங்க வருவாரு, ஏதோ முக்கியமான எடத்துக்குப் போட்டுட்டுப் போகணுமாம்."

காலரைத் தடவினேன். காய்ந்த இரத்தம் பொருக்காக விரலில் தட்டுப்பட்டது. வாசமில்லாத புட்டிகள் இருக்கும் மூலைக்குக் கையை நீட்டி ஒன்றைத் தொட்டேன். கழுத்து மொழுமொழுவென்று இருந்தது. அப்படியென்றால் உப்புத் தண்ணீர். தாராளமாக அடித்து, ஈரத்துணி போட்டு ஊறவைத்தேன். இரத்தத்தின் மேல் பெராக்சைடு பட்டால் நுரைக்கிற சத்தம் லேசாகக் கேட்கும். பக்கத்தில் பெரிய மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விரல் நுனி சுருசுருவென்றது. எதை எதையோ தொட்டு வெந்துபோன விரல்கள், அவற்றின் புலம்பலை யார் கேட்பது. அலசி, இஸ்திரிப்பெட்டியின் ஆவியைக் காட்டினேன். தடவிப் பார்த்தேன், பொருக்கு இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கோட்டை மாட்ட ஹேங்கரை எடுத்தேன். தோள்பட்டை நழுவாமலிருக்க நுனியைப் பிடித்தேன். விரலில் ஒரு தடித்த ரப்பர் பேண்டு தட்டுப்பட்டது.

கோட்டைப் போட்டுவிட்டு அந்த மூலைக்குப் போய் இரண்டு புட்டிகளின் கழுத்தையும் தடவினேன். இரண்டும் மொழுமொழுவென்று இருந்தன.

ஓரக்கண்ணால் பார்க்கலாமென்று கோட்டை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்துத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கருமையாக ஏதோ இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒருவேளை தப்பித்துவிட்டேனோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"அக்கா, என்ன இது. காலரெல்லாம் வெளுத்துக் கெடக்கு. தோள் வரைக்கும் எறங்கியிருக்கு. நீங்க பார்க்கலையா?"

என் வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போட்டால் புட்டிக்கு ரப்பர் பேண்டு எதற்கு என்று கேட்பாள்.

அவள் கோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "அக்கா, என்னைப் பாருங்க," என்றாள்.

"பார்த்துட்டுதானே இருக்கேன்," என்றேன், தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்க்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். வருகிறவருக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். "வீட்ல கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா," என்றாள். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கிளம்பும்போது அந்த மேசையை ஒருமுறை கையால் துடைத்தேன். தகரம் ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு அந்த ரப்பர் பேண்டை எடுத்தீங்க? உங்களை யாரு கேட்டா?"

"சும்மாதானே பாட்டில்ல சுத்தி இருந்துச்சு. ஹேங்கருக்கு ஆகுமேன்னு எடுத்தேன். அதுக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?"

"அதை வெச்சுத்தான் எனக்கு எது எதுன்னு தெரியும். எனக்குக் கண்ணு தெரியலைங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, உப்பு டப்பா, ஊக்கு, முகத்தை ஏன் திருப்பிக்கொள்கிறேன் என்பது, எல்லாம். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அவரைப் பார்த்தேன். காது தெரிந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அடுப்படிக்குள் போனேன். உப்பு டப்பாவைத் தேடித் தொட்டால் ஒரு ரப்பர் பேண்டு. சர்க்கரைக்கும் ஒன்று. சோப்புத் தூளுக்கும் ஒன்று. காப்பித்தூள், மாவு, தீப்பெட்டி வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒவ்வொன்று.

"எல்லாத்துக்கும் போட்டுட்டேன்," என்றார் பின்னாலிருந்து. "இனிமே உனக்குக் கஷ்டம் இருக்காது."

பழைய வாயாக இருந்தால் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். "நல்லதுங்க," என்றேன். சர்க்கரையை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரிடம் அவரும் ஒருமுறை கூட வந்தார். அதே பதிலைத் தன் காதாலேயே கேட்டார். திரும்பி வரும்போது, "அவரு சின்னப் பையன், அவருக்கு என்ன தெரியும்," என்றார். அன்று முழுக்க ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். நான் பயந்தது போல வெள்ளரிக்காய் வரவில்லை, டீ பை வந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில்லென்று ஆக்கி, தினம் காலையில் என்னைப் படுக்கவைத்துக் கண்களின் மேல் வைப்பார். தலைமாட்டில் உட்கார்ந்து, "எத்தனையோ பேருக்குச் சரியாயிருக்காம்," என்பார். குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் வழியும். கண்ணிலிருந்து வேறு எது வழிந்தாலும் தெரியாது என்பது ஒரு சௌகரியம்.

கறை எடுப்பதில் காலம் தள்ளியவள் நான். எது போகும், எது போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படுத்துக்கொண்டேன். அவர் கை நடுங்காமல் அந்தப் பையை வைக்கும். பஸ் ஓட்டிய கை.

"ஏதாவது தெரியுதா?" என்று தினமும் கேட்பார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அந்தக் காதைத் தேடி எடுத்துக்கொண்டு, "அப்படியேதான் இருக்கு," என்பேன். அதில் பொய்யில்லை. ஆனால் காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

இன்று காலை அவர் பையை எடுத்ததும் வழக்கம் போலச் சுவர்ப்பக்கம் திரும்பினேன். காது வரவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பினேன். அப்புறம் மறுபக்கம் திரும்பிப் பார்த்தேன். வெளிச்சம் இருந்தது, அதில் யாரும் இல்லை. கழுத்து வலித்தது. இனி எந்தப் பக்கம் திரும்பி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. மூச்சுச் சத்தம் வந்த இடத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் மூச்சு நின்றது.

"ஏய்," என்றார். "நேரா பாக்கிறே."

பையிலிருந்து ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது.

"என்னை நேரா பாக்கிறேம்மா. எவ்ளோ நாளாச்சு." குரல் கிட்டே வந்தது. "தெரியறேனா?"

"தெரியறீங்க," என்றேன்.

"நான் சொன்னேன்ல. நீதான் என்னிக்குமே நம்ப மாட்டே." என் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்து ஓடினார். கதவைத் திறந்து நடைபாதையில் யாரையோ கூப்பிட்டு டீ பை விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை நிமிஷம் குளிரவைக்க வேண்டும், எப்படிப் பிழிய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் வந்தால் மறுபடியும் பார்ப்பார் என்று, நான் முகத்தை அசைக்காமல் அந்த இடத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டிருந்தேன்.