ஒற்றை டிக்

கழிப்பறையில் விழுந்த போனைக்கூட மூக்கைப் பொத்தாமல் கழற்றிப் போடுகிறவள் நான். மீன்காரர் போனில் செதில், கொத்தனார் போனில் சிமெண்ட், மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் போனில் காதழுக்கு, எல்லாம் பழகிவிட்டது. சோற்றில் கை வைக்கும் முன் நன்றாகத் தேய்த்துக் கழுவு என்று என் வீட்டுக்காரர் தினமும் கேலி செய்வார். எனக்கு அருவருப்பே கிடையாது என்று ஒரு திமிர்கூட இருந்தது.

போன வாரம் ஒரு பெண் என் போன் ரிப்பேர் கடைக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு நம்பரிலிருந்து மெசேஜே வரக்கூடாது, ஏதாவது வழி செய்யுங்கக்கா என்றாள். யார் என்று கேட்டேன். மாமனாராம். பிளாக் செய்து கொடுத்தேன். நான் அந்தப் பெயரைத் தொட்டபோதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன எழுதுவார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். என் அப்பாவையா சொல்கிறாய், இருந்தால் காட்டு என்றானாம். காட்ட ஒன்றும் இல்லை. அந்த அசிங்கம் கையிலேயே கிடப்பது பொறுக்காமல், வந்ததை எல்லாம் அப்போதைக்கப்போதே அழித்திருக்கிறாள். இப்போது பழி அவள் தலையில். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் முன்னால் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணை விட்டு வச்சிருந்தா போதும்க்கா. அவர் நம்பிடுவாரு," என்றாள். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். அழிந்தது அழிந்ததுதான்.

சனிக்கிழமை காலை ஒரு பெரியவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பவுடர் வாசனை. மருமகளுக்கு அனுப்புகிற மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறதாம், போய்ச் சேர்ந்ததற்கான இரட்டை டிக் விழவே இல்லையாம். போனில்தான் ஏதோ கோளாறு, பார்த்துக் கொடும்மா என்று நீட்டினார்.

திறந்தேன். ரசீதில் நான் என் கையால் எழுதிய அந்தப் பெண்ணின் நம்பர்.

கடைசியில் 'சாப்பிட்டியாம்மா' என்று இருந்தது. அதற்கு மேலே நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்தார் போலும். கடைக்காரிக்குக் கண் இருக்கிறது என்பதே பல பேருக்குத் தோன்றுவதில்லை. மெல்ல மேலே தள்ளினேன். அவள் குளித்துவிட்டுப் போன அழகு. கதவிடுக்கில் அவர் பார்த்தது. மகன் ஊரில் இல்லாத நாளில் தூக்கம் வருகிறதா என்ற விசாரணை. ஒவ்வொன்றின் முடிவிலும் 'படிச்சதும் அழிச்சிடு' என்று ஒரு ரோஜாப்பூ. அவளை அழிக்கச் சொன்ன மனுஷன் தன் போனில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. வைத்து ரசித்திருக்கிறார். சீ! கழிப்பறை போன் எவ்வளவோ தேவலை.

மூஞ்சியில் விட்டெறியக் கை துடித்தது. எறிந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோளாறு போனிலா என்று தெரிய, வேறு யாருக்காவது அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். கடையில் நாங்கள் எப்போதும் செய்வதுதான்.

"பையனுக்கு அனுப்பிப் பாரும்மா."

"என்ன அனுப்பட்டும்?"

அவர் கண்ணாடி அலமாரியில் தொங்கிய போன் உறைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "படமோ எழுத்தோ, அதுல இருக்கறது ஏதாவது அனுப்பு."

மேலே மருமகள் பேரும் பக்கத்தில் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எடுத்து அனுப்பினேன். ஒன்றையும் விடவில்லை. உடனே இரட்டை டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில், பையன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக, அது நீலமும் ஆனது. போனைத் துணியால் துடைத்து அவரிடம் கொடுத்தேன்.

"போயிடுச்சுங்க. உங்க போன்ல ஒரு குறையும் இல்ல."

எவ்வளவு ஆச்சு என்று சட்டைப்பையைத் தடவினார். அதற்குள் போன் அடித்தது.

"அட, பையனே கூப்பிடுறான் பாரு," என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடியே காதில் வைத்தார்.