பந்த் நாள் கூலி

1946 செப்டம்பர் 16, திங்கள். பந்த் நாள் கூலி கேட்டு எழுதிய மனுவில் ஒரு தப்பு. தோல் பதனிடும் ஷாப் மூடிக் கிடந்த நாள் பதினொன்று என்று எழுதிவிட்டேன். நடுவில் ஒரு ஞாயிறு. அதற்கு எப்போதுமே கூலி கிடையாது. பத்து என்பதே சரி. அப்பா விடியற்காலம் நாலேகாலுக்குப் போனார்.

தளவாய் நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகிவிட்டு மறுபடி மூங்கிலைப் பிடித்தான். பாடைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்த கலீலுல்லா பார்த்தும் பாராதவர்போல் இருந்தார். தளவாயின் அப்பா பிச்சையாவோடு பதினெட்டு வருஷம் அந்த ஷாப்பில் வேலை செய்தவர். செத்த வீட்டில் எழுத்து என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தளவாய்க்கே கூச்சமாக இருந்தது. ஆனால் தப்பை உடனே எழுதாவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. மாட்டுங்காவில் மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இந்தப் பழக்கம்.

"கயித்த இழுத்துப் பிடி, மவனே. தலைமாட்டுல தொய்யுது," என்றார் கலீலுல்லா.

சந்து முனையில் ஆட்கள் விலகினார்கள். ஷாப் கணக்குப்பிள்ளை காசிராஜன் கோடித் துணியோடு வந்தார். அந்த ஷாப்பில் வேலை செய்தவன் எவன் செத்தாலும், முதலாளியின் கோடி மேலே விழுந்த பிறகுதான் பாடை எழும்பும். மூத்த மகன் இரு கையாலும் வாங்கிப் போர்த்த வேண்டும். இந்த முறை துணி மடிப்புக்குள் இருபது ரூபாயும் ஒரு தாளும் இருந்தன.

"ஒங்கப்பாவோட பத்து நாள் பகார், பந்த் நாள் கூலி. மனுவுல பதினொண்ணு போட்டிருந்த. ஞாயித்துக்கெழமைக்கும் முதலாளி சோறு போடணுமோ?"

"அது என் தப்பு, அண்ணாச்சி. பத்துதான்."

"ஒத்துக்கிட்டியே, அதுவரைக்கும் நல்லது. தாள வாசிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடு."

பந்த் நாள் கூலியை முதலாளி தயவாகக் கொடுத்தார்; மனுவிலிருந்து பிச்சையாவின் கைரேகையை நீக்கிக்கொள்கிறோம் என்றது தாள். மனுவில் இருந்த நாற்பத்திரண்டு ரேகைகளில் முதலாவது அப்பாவுடையது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மையில் விரலை வைத்தார்கள். அது போனால் மனுவே போயிற்று.

"மத்த நாப்பத்தோரு பேருக்கும்?"

"அவனுவ வேலையா செஞ்சானுவ? ஊரெல்லாம் கத்திக்குத்து, சர்க்கார் கர்ஃப்யூ போட்டுச்சு. முதலாளி ஆசப்பட்டா கேட்டப் பூட்டினாரு? அவருக்கும் பத்து நாள் நட்டந்தான். ஒங்கப்பா செவரேறிக் குதிச்சுத் தோலப் பொரட்டினாரு, அதுக்கு இது. செய்யாத வேலைக்குக் கூலி எந்த ஊர் ஞாயம்லே?"

அதே கேள்வியைத் தளவாயே நோட்டில் மூன்று முறை எழுதி, பதில் வராமல் மூன்று முறையும் அடித்திருந்தான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலைப் புரட்டிவிடாமல் போட்டால் கெட்டுப்போகும். யாரும் சொல்லாமலே அப்பா ஷாப்புக்குப் பின்னால் உப்பங்கழிப் பக்கத்துச் சுவரேறிப் போய், காய்ச்சலோடு தன் தொட்டியில் இறங்கினார். அது வேலை. மற்றவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். முதலாளிக்கு நட்டம் என்பதும் பொய்யில்லை.

அப்பாவின் காலடியில் இருந்த அம்மா சீனியம்மாள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏன் கணக்குப்பிள்ள, பூட்டுன மறுநாளு வீடு வீடா வாட்ச்மேன அனுப்பினது யாரு? ஊருக்கு ரயிலேறக் கூடாது, குர்லாவுல வேற வேல தேடக் கூடாது, கேட்டு தொறக்கையில வந்து நிக்காதவனுக்கு எடமில்லன்னு சொல்லச் சொன்னது யாரு?"

"அது ஒரு முன்னேற்பாடு, மதினி."

"தொட்டியில தோலு கெட்டுப்போவாம இருக்கச் சுண்ணாம்பு போட்டு வச்சிய. கேட்டு தொறக்கிற வரைக்கும் ஆளு கெட்டுப்போவாம இருக்க என்ன போட்டிய?"

கலீலுல்லா கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார்.

தளவாய் துணியை மட்டும் இரு கையாலும் வாங்கினான். அப்பாவின் மேல் விரித்து, கால் தெரியாமல் இழுத்துவிட்டான். ரூபாயையும் தாளையும் காசிராஜனிடமே நீட்டினான்.

"கோடி அப்பாவுக்கு வரவேண்டியது, வாங்கிக்கிட்டேன். பகார் நாப்பத்திரண்டு பேருக்கும் வரணும். எங்கள வேற எங்கயும் போவவிடாம வச்சிருந்தீய. அந்தப் பத்து நாளுக்குத்தான் கேக்கோம்."

"கையில காலணா இல்ல, வீறாப்பப் பாரு. சுடுகாட்டுச் செலவுக்கு என்ன செய்வ?"

"பாட எங்க தோள்லதான போவுது, கணக்குப்பிள்ள," என்றார் கலீலுல்லா. "அதுக்கு வாடக கேக்க மாட்டோம்."

அப்போது ஷாப் சங்கு ஊதியது. காசிராஜன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இப்ப கேட்டுக்கு வராதவனுக்கு அரை நாள் போச்சு."

"எழுதிக்கிடும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதையும் மனுவுல சேத்துக்கிடுதோம்."

யாரோ சிரித்துவிட்டு, செத்த வீடு என்று நினைவு வந்து இருமினார்கள். ஒருவரும் ஷாப் பக்கம் திரும்பவில்லை. பாடை எழும்பியபோது காசிராஜன் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் கூட்டம் கலைந்திருந்தது. சீனியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொட்டிக்குள் இறங்கும்போது அப்பா இடுப்பில் கட்டும் சாக்கு ஆணியில் தொங்கியது. சுண்ணாம்பில் விறைத்துப்போய், இடுப்பின் வளைவு மாறாமல் அப்படியே நின்றது. தளவாய் அதை எடுத்து மடிக்கப் போனான். மடிக்காமல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

நாளை: விடிந்ததும் காடாத்து, சுடுகாட்டில் எலும்பு எடுக்க வேண்டும். பத்து மணிக்கு மனுவோடு லேபர் ஆபீஸ். கலீலுல்லா மாமா கூட வருகிறார். டிராம் ஓடாவிட்டால் நடக்க வேண்டும்.