ஐந்தே கால் கிலோ கைப்பை

"பட்!"

அடுத்த நொடி டிசைனரின் தோளில் தொங்கிய கைப்பை வார் அறுந்து கூட்ட அறையின் நடுவே விழுந்து வாயைப் பிளந்தது. சாவிக்கொத்து ஒன்று மேசைக்கு அடியில் பாய்ந்தது. மாத்திரை டப்பா உருண்டோடி முதலாளியின் காலணியில் முட்டி நின்றது.

வேறு எங்கே அறுந்திருந்தாலும் சமாளித்திருப்பாள். இது பை தயாரிக்கும் கம்பெனி. அறுந்தது அவளே வரைந்து, இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தைத்த பை. அதுவும் எந்த நாளில்? ஆண்களுக்கென்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் உருவாக்கிய தோள்பையை முதலாளி முன்னால் வைக்கிற நாளில். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் அது தையலுக்குப் போகும். போடாவிட்டால் கழித்த மாதிரிகளோடு அலமாரிக்குப் போகும். அவளும் பழையபடி பெண்கள் பையில் பூவை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நம்ம வாரோட லட்சணம் இதுதானாம்மா?" என்றார் முதலாளி.

அவள் குனிந்து பொறுக்கப் போனாள்.

"தொடாதீங்க மேடம்!" தரச் சோதனைக்காரர் குறுக்கே கை நீட்டினார். எடை போடாமல் எதையும் நம்பாதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் தராசு. "வார் அறுந்தா எடை போடணும், உள்ளே இருந்ததைப் பட்டியல் எடுக்கணும். யாரோட பையா இருந்தாலும் ரூல் ரூல்தான்."

தராசு தராசைக் கொண்டுவந்து, சிதறியதையெல்லாம் பொறுக்கிப் பையோடு மேசைமேல் வைத்து நிறுத்தார். முள் ஐந்தே காலில் நின்றது.

"நாலு கிலோ தாங்கும்னு நீங்களே எழுதிக் குடுத்த வார். அஞ்சே கால் ஏத்தியிருக்கீங்க. இது பையா, பார வண்டியா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கு முகம் சூடேறியது. ஆனால் மேசைமேல் குவிந்து கிடந்த சாமான்களைப் பார்த்த மாத்திரத்தில் முதுகு தானாக நிமிர்ந்தது.

"பட்டியல்ல 'யாருடையது'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை ஏன் காலியா விடுறீங்க? நான் சொல்றேன், எழுதுங்க."

"அது எதுக்கு மேடம்?"

"ரூல் ரூல்தானே!"

தராசு வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார்.

"பைக் பூட்டுச் சங்கிலி?"

"வீட்டுக்காரர்."

"கூலிங் கிளாஸ், பவர் பேங்க், தண்ணி பாட்டில்?"

"வீட்டுக்காரர், வீட்டுக்காரர், வீட்டுக்காரர்."

"மாத்திரை டப்பா?"

"மாமனார்."

"அளவு டேப்பு?"

"கொழுந்தனார்."

"ஸ்க்ரூ டிரைவர்?"

"அதுவும் வீட்டுக்காரர்தான். எதுக்குன்னு அவருக்கே தெரியாது."

அவளுடையவை கடைசியில் வந்தன. பர்ஸ், சாவிக்கொத்து, சீப்பு, உதட்டுச் சாயம், நோட்டுப் புத்தகம், போன். பையோடு சேர்த்தே மொத்தம் ஒன்றே கால் கிலோ.

"மிச்சம் நாலு கிலோ ஆம்பளைங்க சாமான் சார்," என்றாள். "அவங்களுக்குப் பை வேணாம்னு யார் சொன்னது? வேணும். அடுத்தவங்க தோள்ல வேணும்."

"அதெல்லாம் பேச நல்லாருக்கும்." முதலாளி கையை ஆட்டினார். உள்ளே மூன்று குட்டி வட்டங்கள் கொண்ட கனத்த கடிகாரம் மணிக்கட்டில் மின்னியது. "ஆம்பளைக்கு ஒரு வாட்ச், ஒரு பெல்ட். முடிஞ்சது. அலங்காரம், தொங்கட்டான் எல்லாம் உங்க இலாகா."

"இப்போ மணி என்ன சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "பதினொண்ணு பத்து."

தராசு அவசரமாக இருமிக்கொண்டார்.

இதுவரை வாய் திறக்காமல் இருந்த விற்பனை அதிகாரி அம்மாள் தலையை அசைத்தாள். "நீ சொல்றது சரிதான். ஆனா என் வீட்டுக்காரர் தோள்ல பை மாட்டிட்டு வந்தா நானே சிரிச்சிடுவேன் தாயே."

"நானும் சிரிச்சவதான்க்கா. இந்தத் தோள்பையை என் வீட்டுக்காரர் முதல்ல மாட்டிப் பார்த்தப்போ அவர் முகம் போன போக்குக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, அவர் கேட்டதை என் பையிலேர்ந்து எடுத்துக் குடுக்கிறப்போ, நான் இல்லேன்னா மனுஷனுக்கு ஒண்ணும் ஓடாதுன்னு எனக்கு ஒரு கெத்து வேற. அந்தக் கெத்துக்குத்தான் தோள் வலி."

அதிகாரி அம்மாள் யோசித்தாள். தன் பையைத் திறந்து, முகச்சவரம் செய்யும் மிஷின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது என்னோடதுன்னு யாரும் நினைச்சுடாதீங்க. நான் இந்தப் பைக்கு ஓட்டுப் போடுறேன்."

முதலாளி மசியவில்லை. "வீட்டுக் கதை வேற, வியாபாரம் வேற. பாக்கெட் வச்ச சட்டை போடுறவன் எவனும் இதைக் காசு குடுத்து வாங்க மாட்டான். நானே மாட்ட மாட்டேன். படிவத்தைக் கொண்டாங்க, வேணாம்னு எழுதிடுறேன்."

"காரணத்தையும் உங்க கையால எழுதணும் சார்," என்றார் தராசு. "கீழே பொடி எழுத்துல நாலு காரணம் இருக்கும். படிச்சுப் பார்த்து, பொருந்துறதை எழுதணும்."

டிசைனர் அந்தத் தாளையே பார்த்தாள். முதலாளி அதை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு கை நீண்ட மட்டும் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பை இரண்டையும் தடவினார். எல்லோரும் பார்ப்பது தெரிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உன் கைப்பையை டிரைவர்கிட்ட குடுத்து உடனே ஆபீசுக்கு அனுப்பு." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவர் முகம் மாறியது. "என்னது, பையே எடுக்காம வெளியே கிளம்பிட்டியா? அப்போ என் கண்ணாடி, பேனா, லாக்கர் சாவி எல்லாத்தையும் எங்கம்மா வச்சே?"